பெயர் இல்லாத கறுப்புப் பை

மகன் ஜெரோம்,

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். "கோவம் இறங்கினாப் பிறகு எழுதுமன்" என்று உன் அப்பா சொன்னார். அவர் கப்பலில் வேலை செய்து பழகியவர், கடல் அடங்கட்டும் என்று காத்திருக்கத் தெரிந்தவர். எனக்கு அது வராது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நான் கரண்டியை எறிந்ததும், நீ வட்டிலப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஷாமினியைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குக் கிளம்பிப் போனதும்தான், கலியாணம் முடிந்த இந்த இரண்டு மாதத்தில் உன் மனைவி நம் வீட்டில் பார்த்த முதல் சண்டை. அவள் பாவம், ஓட்டோவில் ஏறும்போதுகூட "போயிட்டு வாறம் மாமி" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். நீ திரும்பியும் பார்க்கவில்லை. புதன்கிழமை போன் எடுத்து, மழை பெய்கிறதா, காஸ் வந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பதிலாக நீ என்னை நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

"ஒரு பைக்கு இவ்வளவு சத்தமாம்மா?" என்று கேட்டாய். ஓம், ஒரு பைக்குத்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு துப்பாக்கி சுடும் கிளப்பில் திரும்பச் சேர்ந்து மறுபடி சுடப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம். அடுத்த நிமிடமே போனை என் முன்னால் நீட்டினாய். "இதைத்தான் ஓடர் பண்ணப் போறன். கறுப்பு. பேர், படம் ஒண்டும் இல்ல. பஸ்ஸில ஆரும் என்ன சாமான் எண்டு கேக்கமாட்டினம். கேட்டா டெனிஸ் எண்டு சொல்லலாம்." அதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு கெட்டிக்காரச் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், அது என்னுடையது. அதனால்தான் கரண்டி பறந்தது. ஷாமினி நடுவில் வந்து "வேற கலர் எடுக்கலாம் மாமி" என்று சமாதானம் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும், கறுப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டாள்.

முதலில் பையைப் பற்றியே சொல்கிறேன். அம்மா விசயம் தெரியாமல் கத்துகிறாள் என்று நீ நினைக்கக் கூடாது. உன் துவக்கு கிளப்பின் இரும்பு அலுமாரிக்குள் கிடக்கும், நீ அதை வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை, அந்தமட்டில் நிம்மதி. நீ காவிக்கொண்டு திரிய வேண்டியது மிச்சச் சாமான்களை. சுடும்போது போடுகிற அந்த ஜாக்கெட் கன்வஸும் தோலும் வைத்துத் தைத்தது, கழற்றி வைத்தாலும் பலகை மாதிரி நிற்கும். உன் முதுகை அசையாமல் பிடிக்கத்தான் அது அப்படி விறைப்பாக இருக்கிறது. மடித்தால் மடிப்பு விழுந்த இடம் தொய்ந்துவிடும், பிறகு அதைப் போட்டாலும் ஒன்றுதான், சாக்கைப் போர்த்தினாலும் ஒன்றுதான். நீ காட்டிய பை பள்ளிக்கூடப் பிள்ளை முதுகில் போடுகிற அளவு. ஜாக்கெட்டை மூன்றாக மடித்து முழங்காலால் அழுத்தினால்தான் ஸிப் மூடும். உனக்கு வேண்டியது ஜாக்கெட் நீட்டிப் படுக்கிற நீளத்தில், சூட்கேஸ் மாதிரி வாய் முழுக்கத் திறக்கிற பை. சப்பாத்துக்குத் தனி அறை வேண்டும். குறி பார்க்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பஞ்சு வைத்த பொக்கெட் வேண்டும். ஈயச் சன்னம் இருக்கிற டின்னுக்கு வேறு பொக்கெட் வேண்டும். ஒருமுறை அது நூறு பேர் நெருக்கிக்கொண்டு நின்ற பஸ்ஸில் கொட்டி, நீ ஆட்களின் காலுக்குள் தவழ்ந்து பொறுக்கியது ஞாபகம் இருக்கிறதா? வேர்வை ஊறின சாமான் பூஞ்சணம் பிடிக்காமல் காற்றுப் போக வலை வேண்டும். ஸிப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், நம் கொட்டாஞ்சேனை உப்புக் காற்றுக்கும் உங்கள் வெள்ளவத்தை உப்புக் காற்றுக்கும் இரும்பு ஸிப் தாக்குப்பிடிக்காது. ஓட்டோவில் குறுக்கே வைத்தால் வெளியே நீட்டாத அளவாகவும் இருக்க வேண்டும். இவ்வளவில் ஒன்றையாவது நீ பார்த்தாயா? பையில் பெயர் இல்லை என்பதை மட்டும்தான் பார்த்தாய்.

பெயர் எழுதாத பழக்கம் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. கனடாவில் இருக்கிற உன் பெரிய மாமா, என் அண்ணன், வாலிபத்தில் கட்டடப் படம் வரையப் படித்தவர். வரைந்த தாள்களைச் சுருட்டி வைக்கத் தோளில் ஒரு நீளமான கறுப்புக் குழாய் கொழுவிக்கொண்டு போவார். தொலைந்துவிடக் கூடாது என்று அவரே அதில் வெள்ளைப் பெயின்றால் தன் பெயரையும் விலாசத்தையும் தமிழில் எழுதியிருந்தார். ஒருநாள் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். குழாயைக் கண்டார்கள், அதில் இருந்த எழுத்தைக் கண்டார்கள், அண்ணனை வைத்துக்கொண்டார்கள். நாலாம் நாள் விட்டார்கள். வந்தபோது குழாயும் இல்லை, இடது காதும் கேட்கவில்லை. அன்றைக்கு என் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார்: பிள்ளையைக் காட்டிக் கொடுத்தது அந்தப் பெயர்தான். அன்று பின்னேரமே சோத்துப் பெட்டி, குடை, புத்தகப் பை என்று எல்லாவற்றிலும் இருந்த பெயரைச் சுரண்டி எடுத்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சாமானிலும் பெயர் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நான் மூன்று குடை தொலைத்தேன். கண்டெடுத்தவர்களுக்குக்கூட யாருடையது என்று தெரியவில்லை. அதற்கும் அடி எனக்குத்தான்.

இதை எல்லாம் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இருந்த வீட்டுக்குள்தான் நீ பதினாறு வயதில் கிளப்பின் நீலப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கையளவு வட்டச் சின்னம், நடுவில் கறுப்புப் புள்ளி, சுற்றிவரக் கிளப்பின் பெயர் மூன்று மொழியிலும். முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் கடிதம்: இந்தப் பிள்ளை எங்கள் உறுப்பினர், உள்ளே இருப்பது துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கான சாமான், சந்தேகம் இருந்தால் இந்த இலக்கத்துக்கு எடுங்கள். நீ அதை வாசலுக்கு நேரே ஆணியில் கொழுவி வைப்பாய். நான் வருவோர் போவோர் கண்ணில் படாமல் அதன்மேல் துவாயைப் போடுவேன். நீ துவாயை எடுப்பாய். நாலு வருடம் இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஈஸ்டர் ஞாயிறன்று கோயில்களில் குண்டு வெடித்து, கோயில் வாசல்களில் பை சோதிக்கிற காலம் வந்தது. தெருவில் மறுபடி துவக்கோடு ஆட்கள் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து உனக்குத் தேசிய அணிக்கான தெரிவுப் போட்டியும் வந்தது. உன் அப்பா கப்பலில். என்னைத் தடுக்க வீட்டில் ஒருவரும் இல்லை.

போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை நீ வகுப்புக்குப் போன பிறகு நான் செய்ததை இப்போது எழுதுகிறேன், இருந்து வாசி. பிளேட் எடுத்து அந்தச் சின்னத்தைத் தையல் தையலாக வெட்டினேன். கழற்றிய பிறகும் ஊசித் துளைகள் வட்டமாகத் தெரிந்தன. அது போதாது என்று புறக்கோட்டைக்குப் போய் ஒரு கறுப்பு முதுகுப் பை வாங்கினேன், பெயர் இல்லை, படம் இல்லை, நீ ஞாயிற்றுக்கிழமை காட்டியதற்கு உடன்பிறப்பு மாதிரி. உன் சாமான் எல்லாவற்றையும் நானே அதற்குள் மாற்றினேன். கடிதத்தை மாற்றவில்லை. துப்பாக்கி என்கிற சொல் மூன்று மொழியிலும் எழுதின தாளை என் பிள்ளை நெஞ்சில் குத்திக்கொண்டு போவதா என்று நினைத்து, என் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் விரித்த பேப்பருக்குக் கீழே வைத்தேன். நீ வந்து கேட்டபோது நீலப் பையின் ஸிப் உடைந்துவிட்டது என்றேன். "இதுக்க ஜாக்கெட் மடியும் அம்மா" என்றாய். "ஒரு நாளைக்குத்தானே, உலகமா அழியப் போகுது" என்றேன். அப்போது என் முகத்திலும் அந்தக் கெட்டிக்காரச் சிரிப்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை ஆறு மணிக்கு, போட்டி ஒன்பது மணிக்கு. ஃபாதரிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறலாம் என்று பையோடு வந்தாய். வாசலில் பை பார்க்கிற வரிசையில் எனக்கு முன்னால் நின்றாய். சோதிக்கிற பெடியன் ஸிப்பைத் திறந்தான். உள்ளே பக்கிள் வைத்த கட்டியான ஜாக்கெட், அதற்கு நடுவில் கனமான தகர டின். அந்த மாதங்களில் ஒரு கோயில் வாசலில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவன் கையை எடுத்துவிட்டுப் பின்னால் போனான். யாரோ "பிள்ளையளை உள்ளுக்குக் கொண்டு போங்கோ" என்று கத்தினார்கள். பை நடுத்தெருவில் தனியாகக் கிடந்தது, நீ அதற்குப் பக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தனியாக நின்றாய். உன்னை ஞானஸ்நானத்தில் தூக்கி வைத்திருந்த ஆட்கள் மதிலோடு ஒட்டிக்கொண்டு உன்னைப் பார்த்தார்கள்.

பொலிஸ்காரர் தூரத்தில் நின்றபடியே "மல்லி, மே மொனவத?" என்றார், தம்பி, இதெல்லாம் என்ன என்று. நீ பதறாமல் சிங்களத்தில் விளக்கம் சொன்னாய்: இது விளையாட்டுச் சாமான், நான் கிளப் உறுப்பினர், பொக்கெட்டில் கடிதம் இருக்கிறது. "லியும கோ?" என்றார், கடிதம் எங்கே என்று. நீ குனிந்து ஒவ்வொரு பொக்கெட்டாகத் தேடினாய். ஒருமுறை தேடிய பொக்கெட்டை மறுபடியும் தேடினாய். வியாழக்கிழமை போட்டிக்குக் கொடுக்க அதை வெளியே எடுத்து போட்டோகொப்பி அடித்திருந்தாய், அங்கேதான் விட்டுவிட்டேன் என்று உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஜெரோம், நான் பத்தடி தூரத்தில் நின்றேன். கடிதம் எந்தத் தட்டில், எந்தச் சேலைக்கு அடியில் என்று எனக்குத் தெரியும். வீடு பத்து நிமிட நடை. ஓடிப் போய் எடுத்து வந்திருந்தால் ஏழு மணிக்கு நீ பஸ்ஸில் இருந்திருப்பாய். நான் "அவன் என்ர மகன், அவன் என்ர மகன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். கடிதம் வீட்டில் என்றால் ஏன் வீட்டில் என்று கேட்பார்கள், எடுத்து ஒளித்தேன் என்றால் ஏன் ஒளித்தாய் என்று கேட்பார்கள், பிறகு உன்னை நாலு நாள் வைத்துக்கொள்வார்கள் என்று என் மண்டைக்குள் ஓடியது. பயம் என்பது உண்மை. ஆனால் வெட்கமும் இருந்தது. நான் செய்த மடத்தனம் அத்தனை பேர் முன்னால் வெளியே வரக் கூடாது என்றும் நினைத்தேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பொலிஸ் ஸ்டேஷனுக்கு ஃபாதர் வந்து பொறுப்பெடுத்து, கிளப்பில் இருந்து யாரோ போன் எடுத்துப் பேசி, உன்னை விட்டபோது பத்தரை மணி. போட்டி முடிந்துவிட்டது. உன்னை விட்ட பொலிஸ்காரர் கெட்டவர் இல்லை. தேத்தண்ணிகூட வாங்கித் தந்தார். பையில் ஒரு பெயராவது, ஒரு சின்னமாவது இருந்திருந்தால் வாசலிலேயே விட்டிருப்போம் என்று சிங்களத்தில் என்னிடம்தான் சொன்னார். அடுத்த கிழமை உன் கோச் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் உன்னை ஏசினார். ஒரு கடிதத்தைக் காப்பாற்றத் தெரியாதவனுக்குத் துவக்கை எப்படி நம்பிக் கொடுப்பது என்று கேட்டு, ஆறு மாதம் வர வேண்டாம் என்றார். நீ அதற்குப் பிறகு போகவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்றுகொண்டு என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "சொறி அம்மா. நான்தான் எங்கயோ விட்டுட்டன். உங்களையும் பொலிஸ் வரைக்கும் இழுத்துட்டன்." நான் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டினேன். "பரவாயில்ல ராசா, விடு" என்றேன். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பரவாயில்லை என்று மன்னித்தேன், அந்தத் தாள் என் அலுமாரிக்குள் கிடக்க.

கடிதத்தைத் தொலைத்தது நீ இல்லை. நான். ஆறு வருடமாக இந்த ஒரு வரியைச் சொல்ல முடியாமல் உனக்கு வட்டிலப்பம் செய்து போட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிற இன்னொரு விசயமும் இருக்கிறது. ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறவள் நான். என் வேலையே பெட்டிகளில் குறி இருக்கிறதா என்று பார்ப்பது. யாருடையது, எங்கே போகிறது, உள்ளே என்ன என்று எழுதின பெட்டி பேசாமல் லொறியில் ஏறிப் போய்விடும். ஒன்றும் எழுதாத பெட்டியைத்தான் ஓரத்தில் இழுத்துப் போட்டு, அலவாங்கு கொண்டுவந்து, அதிகாரிகள் முன்னால் உடைப்பார்கள். "மார்க் இல்லாத பெட்டியை ஏன் ஏத்தினீங்கள், மூளை இருக்கா?" என்று அங்கே வேலை செய்கிறவர்களை நான் ஏசாத நாள் இல்லை. நீ தெருவில் கை தூக்கி நின்றதற்கு அடுத்த நாள் திங்கட்கிழமையும் போய் அதே ஏச்சை ஏசினேன். பாதியில் நிறுத்தினேன். தலையிடி என்று சொல்லிவிட்டு மேசையில் போய் இருந்தேன். என் அப்பாவின் காலத்துப் பயம் ஒன்று, உன் காலத்துப் பயம் வேறொன்று. நான் பழைய பயத்துக்குப் பை வாங்கிப் புதிய பயத்தின் வாசலில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அண்ணனின் காதைக் கெடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. குற்றம் அவர்களிடம் இருக்க, எங்கள் பெயரில் குற்றம் கண்டு சுரண்டி எறிந்த என் அப்பா மேல் கோபம் இருக்கிறது. பிள்ளை ஒரு விளையாட்டுக்குப் போவதற்கும் தாய் இப்படி எல்லாம் கணக்குப் போட வைக்கிற இந்த ஊர் நிலைமை மேல் கோபம் இருக்கிறது. என் மேல் இருப்பதைச் சொல்லி முடியாது. உன் மேல் ஏன் என்று கேட்பாய். உன்னை ஒருவரும் குழாயோடு பிடிக்கவில்லை, உன் பெயரை ஒருவரும் சுரண்டவில்லை. ஒளிக்கச் சொல்லி யாரும் கேட்காமலே, டெனிஸ் என்று ஒரு பொய்யையும் தயாராக வைத்துக்கொண்டு, அதைக் கெட்டித்தனம் என்று நினைத்து உன் மனைவிக்கும் பழக்குகிறாய். அதை நீ என்னிடமிருந்துதான் படித்தாய் என்று தெரிந்ததும் எனக்கு அந்த மேசையில் இருக்க முடியவில்லை. இனி ஒரு வாசலில் உன்னை மறித்தால் கடிதத்தை எடுத்து நீட்டு, இன்னார் மகன், இன்ன கிளப், இன்ன விளையாட்டு என்று நேரே சொல்லு. அப்படிச் சொல்லியும் தொல்லை வரலாம். வராது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், அண்ணனின் குழாயில் பெயர் இருந்ததுதான். ஆனால் அந்தத் தொல்லை அவர்கள் தருவதாக இருக்கட்டும். நாமே கறுப்புத் துணியில் தைத்து முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு உன் கிளப்புக்குப் போனேன். கோச் இப்போது நன்றாக நரைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்தக் கடிதத்தையும் மேசையில் வைத்தேன், மடிப்பு இருந்த இடம் மஞ்சளாகிவிட்டது. அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. நான் அவனை எல்லார் முன்னாலும் ஏசினேனே, இதை ஏன் அன்றைக்கே வந்து சொல்லவில்லை என்று கோபப்பட்டு ஃபைலை மூடினார். எனக்கு அது நன்றாக இருந்தது. சரியான ஆளிடம் சரியான ஏச்சு வாங்க ஆறு வருடம் ஆகியிருக்கிறது. கடைசியில், பெடியனை அனுப்புங்கள், புதுக் கடிதம் அடித்துத் தருகிறேன், ஆனால் நீங்கள் அதைத் தொடக் கூடாது என்றார். சரி என்றேன்.

அந்த நீலப் பையை நான் எறியவில்லை. அலுமாரிக்கு மேலே பழைய திரைச்சீலைகளுக்குப் பின்னால் கிடந்தது. இறக்கித் துடைத்து, தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிளாஸ்டிக் ஸிப் போட்டேன். வெட்டிய சின்னம் என் நூல் டின்னுக்குள் இருந்தது. பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு நானே தைத்தேன், ஒரு பக்கம் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது, பொறுத்துக்கொள். பிறகு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு எழுதுகிற அழியாத மையால் அடியில் உன் முழுப் பெயரையும் தமிழில், சிங்களத்தில், இங்கிலீசில் எழுதினேன். என் ஐம்பத்தெட்டு வயதில் இந்த வீட்டுச் சாமான் ஒன்றில் நான் எழுதின முதல் பெயர் அது. ஜாக்கெட் நீட்டிப் படுக்க இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஷாமினியையும் கூட்டிக்கொண்டு வா. பை வாசலுக்கு நேரே அந்தப் பழைய ஆணியில் தொங்குகிறது. துவாய் போடவில்லை. முதலில் என்னை ஏசு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. மழையையும் காஸையும் பற்றிக் கேட்டாயோ, மறுபடி கரண்டி பறக்கும். ஏசி முடித்த பிறகு குசினி வாசலில் வந்து நில். அன்றைக்கு நீ சொன்ன அந்தச் சொறியை நான் உனக்கு முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அம்மா